மகள் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள்

அன்பு மகளுக்கு,

இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு சொன்னபடி கேட்கிறது. அங்கே உனக்கும் அப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், கையெழுத்துப் போடவா, ஊருக்கே வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஒரு கூத்து நடந்தது. தோளில் பையோடு உன் வயதில் ஒரு பெண் வந்து, "அரசாங்கச் செலவுல படிச்சவங்களால என்ன பலன்னு ஆராய்ச்சி பண்றோம், உங்க பொண்ணு எங்க வேலை பார்க்குறாங்க?" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து மருத்துவக் கல்லூரி வரை நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது செருப்பு மட்டும்தான், மற்றதெல்லாம் அரசாங்கம். வெளிநாடு என்று சொன்னால் படிப்புச் செலவை எடுத்து வை என்பார்களோ என்று பயந்து, "அடுத்த தெருவுலதான் டாக்டரா இருக்கா" என்று ஒரே போடாகப் போட்டேன். அதோடு நிறுத்தினேனா? காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய வாயாயிற்றே! தினம் சாயங்காலம் வருவாள், கண்ணாடி எங்கேப்பா என்று அதட்டுவாள், பிரஷர் பார்ப்பாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள் என்று அளந்துகொண்டே போனேன். அந்தப் பெண்ணும், "அப்ப இருந்து பார்த்துட்டே போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உன் அம்மாவாவது என்னைக் காப்பாற்றினாளா? "ஆமாம்மா, வர்ற நேரந்தான்" என்று உனக்கும் சேர்த்து உலை வைத்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பொய் சொன்ன நானே எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்தேன், என்னத்தைச் சொல்ல!

இருட்டியதும் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "யாரும் பணம் கேக்க மாட்டாங்க சார். படிப்புக்குப் போட்டதுல யாருக்கு எவ்வளவு லாபம்னு பார்க்குறோம், அவ்வளவுதான். அவங்க வெளிநாட்டுல இருக்குறதால நாட்டுக்கு நஷ்டம், வீட்டுக்கு லாபம்னு வரும்."

"வீட்டுக்கு என்னம்மா லாபம்?" என்று அம்மா கேட்டாள்.

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். உனக்கு எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை அவள்தான் சாப்பிட்டாள். அவளும் வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாயிற்றாம்.

இதையெல்லாம் படித்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் கடல் தாண்டி வந்து உன் தலைமேல் இருக்கட்டும்.

அன்புள்ள
அப்பா

பின்குறிப்பு: பிள்ளை மனசைக் கலைக்காதே என்று அம்மா இவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் கவர் ஒட்டப் பசை தேடி உள்ளே போனாள். கையெழுத்துப் போடாதே கண்ணு. கிளம்பி வந்துடு.