விரிசல் ஒன்றா, பலவா?

ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையாக இருந்தால் வினையும் ஒருமையாக இருக்க வேண்டும். எழுவாய் பன்மையானால் வினையும் பன்மையாக வேண்டும். இது உலகறிந்த விதி. பள்ளிக் கட்டடப் பராமரிப்பு அலுவலகம் மட்டும் இந்த விதியை அறியாமலேயே ஒழுகும் கூரைகளை அடைத்து, உடைந்த ஜன்னல்களை மாற்றி, ஒருவிதமாகக் காலம் தள்ளி வந்தது.

அந்தப் பொற்காலம் ஒரு மாநாட்டில் முடிவுக்கு வந்தது. அலுவலகத்தின் இயக்குநர் மேடையேறி ஆங்கிலத்தில் அறிக்கை வாசித்தார். 'கூரைகள்' என்று பன்மையில் தொடங்கி, 'இஸ்' என்று ஒருமையில் இறங்கினார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆளை மட்டும் பழிவாங்கியிருப்பார். தெரியாததால் அலுவலகம் முழுவதையும் பழிவாங்க வேண்டியதாயிற்று.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. "எழுவாயும் வினையும் இசையாத எந்தக் கடிதமும் இவ்வலுவலகத்தின் வாயிலைத் தாண்டலாகாது. மீறுவோர்மீது தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." இதைக் கண்காணிக்க இசைவு அதிகாரி என்றொரு பதவி உண்டாயிற்று. தபால் மேசையில் உறை ஒட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா, பள்ளி நாளில் ஆங்கில இலக்கணத்துக்காக ஒரு சோப்புப் பெட்டியைப் பரிசாக வாங்கியவர் என்ற செய்தி கசிந்தது. அலுவலகத்தில் வேறு யாரும் எதற்காகவும் எதையும் பரிசாக வாங்கியதில்லை. ஆகவே பதவி அவருக்கே போயிற்று.

சுழல் நாற்காலி வந்தது. மேசை மணி வந்தது. நேற்றுவரை "யோவ்" என்று கூப்பிட்ட பியூன் "சார்" என்றான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணியடித்துப் பார்த்தார்.

அவரிடம் வந்த முதல் கடிதம் ஒரு தலைமையாசிரியை எழுதியது. ஏழாம் வகுப்பின் மேற்கூரையில் விரிசல் விட்டிருக்கிறது, உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்பது விஷயம். பாவம், அந்த அம்மாள் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை போட்டிருந்தார். அதிகாரி சிவப்பு மையால் அழகாக வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவருடைய ஒரே மகள் படிக்கும் வகுப்புதான் அது. ஆனால் கடிதத்தில் அவர் கண்ணில் பட்டது பிழை மட்டுமே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வெள்ளை வெள்ளையாகக் காரை உதிர்ந்தது.

"என்னங்க இது? பேனு வரும்னு பார்த்தா கூரை வருது!"

"லெட்டர் வந்திருக்கு. நடவடிக்கையில இருக்கு."

"ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு விட வேண்டியதுதானே?"

"ஆர்டர் இல்லாம கொத்தனார் தொட மாட்டான். ஆர்டர் போகணும்னா அது ஒரு விரிசலா, பல விரிசலான்னு முடிவாகணும். ஒண்ணுன்னா 'இஸ்', பலதுன்னா 'ஆர்'."

"விழுந்தா மொத்தமா ஒண்ணாத்தான் விழும். அதை எழுதுங்க!"

 மறுநாள் முதல் வேலையாக அதிகாரி தானே வரைவு எழுதி, ஒரு விரிசல் என்று போட்டு, எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் அதற்குள் இசைவுப் பணி வளர்ந்து, எழுவாய்ப் பிரிவு தனியாகவும் வினைப் பிரிவு தனியாகவும் பாகம் பிரிந்திருந்தன. நடுவில் பீரோக்களை அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். எழுவாய்ப் பிரிவின் தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"விரிசல் ஒண்ணுன்னு யார் எண்ணினது?"

"தலைமையாசிரியை போன்ல சொன்னாங்க, மேடம்."

"நாளைக்கு அது ரெண்டுன்னு ஆனா, 'இஸ்' போட்டதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா? ஆளை அனுப்பி எண்ணணும்."

எண்ணும் குழு ஏணியோடும் பூதக்கண்ணாடியோடும் போனது. தலைமையாசிரியை கொத்தனார்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் காபி கொடுத்தார். காபி குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிய குழு அறிக்கை தந்தது: பிரதான விரிசல் ஒன்று, பாதி வழியில் அது கிளை பிரிகிறது, கிளையைத் தனி விரிசலாகக் கொள்வதா என்பது கொள்கை முடிவுக்குரியது.

கொள்கை முடிவுக்கு வல்லுநர் குழு கூடியது. தனிக்குடித்தனம் போன தம்பி அண்ணன் குடும்பத்தில் சேர்த்தியா என்று இரண்டு உறுப்பினர்கள் நடுவில் தங்கள் சொந்தச் சண்டையைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஒருமை என்று தீர்மானம் நிறைவேறியபோது, கூரையில் விரிசல் பன்மையாகியிருந்தது. பன்மை என்று திருத்தி முடிப்பதற்குள் எல்லா விரிசல்களும் நடுவில் ஒன்றுகூடி மறுபடி ஒருமையாகிவிட்டன. இவ்வளவு சுறுசுறுப்பை அந்த அலுவலகம் சம்பந்தப்பட்ட எதிலும் யாரும் பார்த்ததில்லை.

இசைவு அதிகாரி இயக்குநரிடமே போய் நின்றார்.

"சார், என் பொண்ணு அந்தக் கூரைக்குக் கீழதான் உட்கார்றா. காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டுரலாமா?"

"போன்ல பேசுறதை யாருய்யா திருத்துறது? இசைவு அதிகாரி பேசுற பேச்சா இது?"

"அப்போ கொஞ்ச நாளைக்கு அவளை வீட்லயே வெச்சுக்கறேன், சார்."

"தாராளமா வெச்சுக்கோங்க. உங்க பிள்ளையே வரலைன்னா ஊர்ல பீதி கிளம்பும். அதனால நாற்காலியை மட்டும் இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

அவர் நாற்காலியை நினைத்தார். மணியை நினைத்தார். மறுநாள் காலையில் மகளுக்குத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்து, "கிளாஸ்லயும் கழட்டாதே" என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். வெட்கங்கெட்ட மனுஷன்.

இதற்கிடையில் அலுவலகத்தின் ஆங்கிலப் புகழ் ஊரெங்கும் பரவியது. ஒரு கடிதமும் வெளியே போகாததால் ஒரு பிழையும் வெளியே போகவில்லை என்று பத்திரிகைகள் பாராட்டின. 'எழுவாயும் வினையும் இசையும் இடம்' என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்துப் பலகைகள் செய்து ஒவ்வொரு பள்ளி வாசலிலும் மாட்டச் சொன்னார் இயக்குநர். அதைப் பார்த்துச் சலவைக்கடைக்காரர் மாட்டினார். முடிதிருத்துபவர் மாட்டினார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள்கூட, தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் இசைவுப் பலகை மாட்டியவரா என்று கேட்டார்கள்.

ஒருநாள் முற்பகல் தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது. 

"சார், கூரை விழுந்துடுச்சு! பிள்ளைங்க விளையாட்டுப் பீரியடுக்கு வெளியில போயிருந்ததால பிழைச்சாங்க. மூணாவது பெஞ்சு தூள். உங்க பொண்ணு உட்கார்ற பெஞ்சு, சார்."

அவர் நாற்காலி சுழலச் சுழல எழுந்து இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், கூரை விழுந்துடுச்சு!"

"முழுசாவா?"

"பாதி, சார். மீதி தொங்கிட்டிருக்கு."

இயக்குநர் நிதானமாகப் பேனாவை மூடினார். "அப்போ விரிசல்ங்கிற எழுவாயே இல்லாமப் போச்சு. பழைய வரைவு செல்லாது. விழுந்த பாதி தனி, தொங்குற பாதி தனி. ரெண்டு எழுவாய். எண்ணும் குழுவை அனுப்புங்க."

"நீங்களே போய் எண்ணுங்க!" என்று கத்தினார் இசைவு அதிகாரி. வாழ்க்கையில் முதல்முறையாக மேலதிகாரியிடம் கத்தியவர், யார் கூப்பிட்டும் நிற்காமல், செருப்பு ஒன்று தெருவில் கழன்றும் நிற்காமல், பள்ளி வரைக்கும் ஓடினார்.

வாசலில் பொன்னெழுத்துப் பலகைக்குக் கீழே நீண்ட வரிசை நின்றது. பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்கள்.

"உள்ளே கூரை இடிஞ்சு கிடக்கு! மீதியும் விழப்போகுது! உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க!"

வரிசை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருங்க இந்த ஆளு?"

"இசைவு அதிகாரியாம்."

"அதிகாரியா? நம்மள மாதிரியே பேசுறாரே!"

"நிஜமாவே ஆபத்துன்னா இங்கிலீஷ்ல நோட்டீஸ் ஒட்டியிருக்க மாட்டாங்களா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள் சற்று அதிகமாகவே ஆட்டினார்கள்.

அவர் உள்ளே போனார். மைதானத்தில் நின்ற மகளை வாரி அணைத்துக்கொண்டார். அழுகை வந்தது, அழுதார். பிறகு அவள் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தார். வரிசையின் முதலில் நின்ற தகப்பன் ஒருவன் ஆவலோடு வழிமறித்தான்.

"சார், ஒரே ஒரு நிமிஷம். பாப்பாவை நிப்பாட்டிட்டீங்களா?"

"ஆமா."

"ஏழாம் வகுப்புதானே?"

"ஆமாய்யா!"

அவன் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பி, "ஒரு இடம் காலியாயிடுச்சு!" என்று கத்தினான். வரிசை நெருக்கியடித்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தது.