பனியில் நின்ற தடுப்பாட்டக்காரி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, அதன்மேல் மழைக்கோட்டை மாட்டி, கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டிப் போய், மைசூரில் என்னைத் தடுக்க ஆளே இல்லை என்று நம்பியவன் நான். (நாற்காலி ஒருமுறைகூடப் பந்தைப் பறிக்கவில்லை. அப்படியொரு திறமை!)

அந்த நம்பிக்கை மாடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆபீஸ் கேன்டீனில் வைதேகியிடம் வாயை விட்டேன்.

வைதேகி எங்கள் ஆபீஸ் பெண்கள் அணியில் தடுப்பாட்டக்காரி. வீடு அக்ரஹாரத்தில். எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது; அதை அவள் அப்பாவிடம் யார் சொல்வது என்பதில்தான் இழுபறி. அவர்கள் வீட்டில் மேல்கோட்டைப் பக்கத்துப் பழைய தமிழ். எங்கள் வீட்டில் ஹனூர்ப் பக்கத்துக் கொங்குத் தமிழ். இரண்டு குடும்பமும் உட்கார்ந்தால் கன்னடத்தில்தான் சண்டை போட முடியும். இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க யாரோ வருவதாக ஏற்பாடாகியிருந்தது.

"ஏனுங்க, உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடலாமுங்களே?" என்றேன்.

"என்னன்னு சொல்லட்டும்? கேன்டீன்ல நன்னா பீத்திப்பான்னா?"

"பீத்தறதுங்களா? எந்த டிஃபெண்டரா இருந்தாலும் தாண்டிக் காட்டறனுங்க. உங்களையும் சேர்த்துத்தான்."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். (அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும்.)

"சரி. சனிக்கிழமை காலம்பற கோர்ட்டுக்கு வா. ஒரே ஒரு தடவை என்னைத் தாண்டிப் போ, அன்னிக்கே அப்பாகிட்ட நான் சொல்றேன். தாண்டலைன்னா நீயே ஆத்துக்கு வந்து சொல்லிக்கோ. பக்கத்துலகூட நிக்க மாட்டேன்."

அந்தக் கோர்ட் ஊருக்குள்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள். ஸ்கூட்டர் சத்தம்கூட உள்ளே வராது. சனிக்கிழமை நான் போனபோது விடிந்திருந்தது. விடிந்து என்ன பிரயோஜனம்? தைப் பனி வெள்ளைப் போர்வை மாதிரி இறங்கி, கூடை வளையம் நிழலாகத்தான் தெரிந்தது. கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. வளையத்துக்குக் கீழே ஓர் உருவம், முழங்காலை மடக்கி, கைகளை அகல விரித்து, தடுப்பதற்குத் தயாராக நின்றது. தலையை ஹூடி மூடியிருந்தது.

"நேரத்துலயே வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றேன்.

பதில் இல்லை. எதிராளியை மிரட்டும் தந்திரம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் கிராஸ்ஓவர். வலது பக்கம் பாய்வதுபோல் உடம்பைச் சாய்த்து, சட்டென்று பந்தை இடது கைக்கு மாற்றினேன். உருவம் எனக்கு முன்பே இடது பக்கம் நின்றது. சரி, கால்களுக்கு நடுவே தட்டி வலப்பக்கம் பாய்ந்தேன். அங்கேயும் அது. நான் முடிவெடுப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, முதுகுக்குப் பின்னால் பந்தை மாற்றுவது. பந்து கை நழுவிப் பனிக்குள் உருண்டு மறைந்தது. நின்று மூச்சு வாங்கினேன். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பந்து தானாக மெல்ல உருண்டு வந்து என் ஷூவைத் தொட்டு நின்றது.

"தாங்ஸுங்க" என்றேன்.

(நடுவில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். என் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. எதிரே வரவில்லை. வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான். நான், 'அடேங்கப்பா, என்ன ஸ்டாமினா!' என்று மெச்சிக்கொண்டேன்.)

கடைசி அஸ்திரம், தயங்குவதுபோல் நடிப்பது. பந்தைத் தட்டியபடியே வேகத்தைக் குறைத்து நிமிர வேண்டும். எதிராளி அசந்த கணத்தில் பாய வேண்டும். எனக்கு நடிக்கத் தேவையே இருக்கவில்லை, நிஜமாகவே மூச்சிரைத்துப்போய் நிமிர்ந்தேன். அப்போது ஒரு கை என் புறங்கையைத் தொட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் சொம்பு பட்டதுபோல் இருந்தது. உருவம் ஓரடி விலகி வழிவிட்டது, கதவைத் திறந்துவிடுவதுபோல.

பாய்ந்தேன். எறிந்தேன். பந்து வளையத்துக்குள் விழுந்தது. (வாழ்க்கையில் அதுவும் முதல் தடவை.)

திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினேன். "தாண்டிப்போட்டனுங்க! இன்னிக்கே உங்கப்பாகிட்ட சொல்லிப்போடுங்க! கலியாணத்த ஆவணில வச்சுக்கலாம்! பொறக்கறது பொம்பளப் புள்ளயானா உங்க ஜாடைல இருக்கோணும்!"

"யார்கிட்ட பேசிண்டிருக்கே?"

குரல் கேட் பக்கமிருந்து வந்தது. வைதேகி. தலையில் ஹெல்மெட், கையில் ஸ்கூட்டர் சாவி.

வளையத்தின் கீழே யாரும் இல்லை.

"வந்து கொஞ்ச நேரமாச்சு. நீ தனியா குதிச்சிண்டிருந்தே. சும்னே பாத்துண்டிருந்தேன்" என்றாள்.

"தனியா இல்லீங்க. இங்க நின்னாங்க. உங்களயாட்டவே."

அவள் சிரித்தபடி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "சிமென்டெல்லாம் பனி ஈரம். நீயே பாரு, உன் ஷூ தடத்தைத் தவிர வேற ஏதாவது இருக்கா?"

பார்த்தேன். இல்லை. ஆனால் பந்து உருண்ட தடம் இருந்தது. ஈரத்தில் ஒரு கோடு போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கோடு திரும்பி வந்திருந்தது. சுவர் இன்னும் வெகு தூரத்தில் இருக்க, கோர்ட்டின் நடுவிலேயே பந்து திரும்பியிருந்தது. திருப்பிவிட்டவர் நின்ற இடத்தில் ஈரம் கலையவே இல்லை.

வைதேகி குனிந்து அந்த இடத்தையே பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் ஆடு. போயிடலாம்" என்றாள்.

ஆடினேன் என்று சொன்னால் பந்துக்கே கோபம் வரும். ஹெல்மெட்டோடு அவள் கைகளை விரித்து நின்றாள். நான் பந்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தட்டிலேயே பந்து என் கட்டைவிரலில் பட்டு, எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூட இல்லை.

"தோத்துட்டே" என்றாள்.

பேச்சு பேச்சுதான். அன்று சாயங்காலம் அக்ரஹாரத்து வீட்டு வாசலில் தனியாகப் போய் நின்றேன். அவள் அப்பா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றார். எனக்குத் தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. என் பெயரே சந்தேகமாக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து வைதேகி வந்தாள். வாசலைத் தாண்டி என் பக்கத்தில் நின்றாள். "அப்பா, நாளைக்கு அவாளை வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றாள். மீதியையும் அவளே சொன்னாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. விசேஷம் எதுவானாலும் மாமனார் என்னை இன்றுவரை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எங்காத்து மாப்பிள்ளை. பேயைத் தாண்டிட்டார், எம்பொண்ணைத்தான் தாண்ட முடியலை." உடனே மொத்தப் பந்தியும் சிரிக்கும். வைதேகி மட்டும் சிரிக்க மாட்டாள்.

போன வாரம் அவள் விளையாடக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "நாந்தான் தோத்துப்போட்டனுங்களே. நிக்க மாட்டேன்னு வேற சொன்னீங்க. அப்பறம் எதுக்குங்க பக்கத்துல வந்து நின்னீங்க?"

அவள் நிமிரவில்லை.

"உன்னைத் தனியா விட பயமா இருந்துது."