பீச் பழமும் யோர்தான் தண்ணீரும்

“கை கழுவினீங்களா?”

ஊர்க் கிளினிக்கின் நர்ஸ் ரோவீனா ஒருமுறை ஓர்லீனாவிடம் இப்படித்தான் கேட்டாள். ‘நாங்க என்ன அழுக்குப் பிடிச்சவங்களா?’ என்று ஓர்லீனாவுக்குக் கோபம் வந்தது. மனசுக்குள் மட்டும்தான். வாய்விட்டு எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மேற்கு வர்ஜீனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கம் முதலில் மூடியது, மளிகைக் கடை பிறகு மூடியது. மிச்சம் இருந்தது பெட்ரோல் பங்கில் விற்கிற சிப்ஸும் சோடாவும்தான். வீட்டுக்கு ஒருத்தருக்காவது சர்க்கரை. வாங்க வழியில்லாதவர்களிடம் “நல்ல சாப்பாடாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கிளினிக், கடைசியில் மருந்துச் சீட்டிலேயே காய்கறியையும் எழுத ஆரம்பித்தது. சீட்டைக் காட்டினால் வியாழக்கிழமைதோறும் ஒரு பெட்டி இலவசம். கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ், ஆப்பிள். ஓர்லீனாவின் கணவன் கிளெல்லுக்குக் காலில் ஆறாமல் கிடந்த புண், இன்சுலின் ஊசியும் இந்தப் பெட்டியும் சேர்ந்த பிறகுதான் ஆறத் தொடங்கியது.

ஏழைகளுக்கு ஒரு நல்லது நடந்தால் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். ஆண்டவர் பேரைச் சொல்லிப் பிழைக்கிறவர் பொறுப்பாரா? வந்து சேர்ந்தார் சகோதரர் டெல்பர்ட். வெள்ளை சூட், வெள்ளை ஷூ, வெள்ளை வேன். கிளினிக்குக்கு எதிரே இருந்த தொழிலாளர் சங்க ஹாலைப் பிடித்தார். கூட்டம் வியாழக்கிழமைதான். வேறு கிழமைகளில் ஆண்டவருக்கு வேலை இருந்தது போலும்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! கிளினிக்கில் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், இங்கே மழையில் பெட்டியும் கையுமாக நின்றார்கள்.

வாசலில் ‘அன்பின் விருந்து’. தோலுரித்த பீச் பழத் துண்டுகள். கையால்தான் எடுத்துச் சாப்பிட வேண்டும். விரலைத் துடைத்தால் அருள் போய்விடுமாம். பிறகு மேடையில் விரலைக் குத்தி, சர்க்கரை அளக்கிற மெஷினில் பார்ப்பார். நானூறு! ஐந்நூறு! கூட்டம் அலறும். உடனே வெள்ளிக் கிண்ணத்தில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற ‘யோர்தான் நதித் தண்ணீர்’. அதில் கையை முக்கித் தேய்த்துத் துடைத்து, ஜெபம் செய்து, மறுபடி குத்துவார். நூற்றைம்பது! அல்லேலூயா!

இறங்கிய சர்க்கரை எங்கே போனது? அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“உங்க காய்கறிப் பெட்டிக்குள்ள போயிருக்கு! அதைத் தின்னா திரும்ப உடம்புல ஏறும். இங்கேயே வச்சிட்டுப் போங்க, நான் புதைச்சிடறேன்.”

பெட்டிகள் வேனில் ஏறின. புதைத்த இடம் யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர் ஓட்டலில் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் முட்டைக்கோஸ் பொரியல் மலிவாகக் கிடைத்தது.

குணமான ஒருவரை அவர் இரண்டாம் முறை மேடையேற்ற மாட்டார். ஆண்டவரைச் சோதிக்கக் கூடாதாம். ஊசி போட்டுக்கொள்வதும் அவநம்பிக்கையாம். மேடையேறி நூற்றைம்பதுக்கு இறங்கிவந்த கிளெல் ஊசியை நிறுத்தினான். புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியது.

“கால் போயிடும் கிளெல். ஊசியைப் போட்டுக்கோ.”

“நூத்தம்பது வந்துச்சே, நீயும்தானே பார்த்தே? வாயே திறக்காதவ, திறந்தா இதுதான் வருமா?”

“நம்ம மெஷின்ல ஒருதடவை பார்த்துடலாமே.”

“வீட்டு மெஷின்ல சாத்தான் பூந்துக்குவான்னு சகோதரர் சொல்லியிருக்காரு.”

சாத்தானுக்குப் போக வேறு இடமா கிடைக்கவில்லை?

அடுத்த வியாழன் ஓர்லீனாவும் வாசலில் ஒரு துண்டு பழம் தின்றுவிட்டு உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்து எடுத்தாள். மறுபடியும் ஒட்டியது. அப்போதுதான் ரோவீனாவின் கேள்வி ஞாபகம் வந்தது. கிளெல் ஆரஞ்சு உரித்த கையோடு விரலைக் குத்த, மெஷின் நானூறு காட்ட, பதறிப்போய் ஓர்லீனா கிளினிக்குக்குப் போன் செய்த நாள் அது. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் நூற்றறுபது.

எழுந்து வரிசையில் நின்றாள். விரலைத் துடைக்கவில்லை.

“வா சகோதரி!” சகோதரர் குத்தினார். “நானூத்திப் பன்னிரண்டு! பிசாசு உன்னை உள்ளுக்குள்ளயே தின்னுட்டு இருக்கான்!”

“எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதே.”

முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் கையிலிருந்த மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது.

“மறைஞ்சிருந்த நோய்! யோர்தான்ல கையை விடு!”

அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. ஹாலின் சமையலறைக்குப் போய், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டு வந்தாள்.

“இப்பக் குத்துங்க.”

“ஜெபம் பண்ணாமலா?”

முன்வரிசையிலிருந்து பெர்னீஸ் எழுந்தாள். சகோதரரின் முதல் பக்தை. “குத்துங்க சகோதரரே! ஜெபமில்லாம எப்படி இறங்கும்? இந்தச் சந்தேகக்காரிக்கு இன்னிக்குப் புத்தி வரட்டும்!”

குத்தியே ஆக வேண்டியதாயிற்று. மெஷினைப் பார்த்தவர் அதை உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார். பெர்னீஸ் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“தொண்ணூத்தி நாலு.”

ஓர்லீனா வாசலிலிருந்து ஒரு பீச் துண்டை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். “நீங்க இதைச் சாப்பிட்டுட்டு, துடைக்காம விரலை நீட்டுங்க சகோதரரே.”

“எனக்கு... எனக்கு ரத்தம்னா மயக்கம் வரும்.”

இதைச் சொன்னவர் வாராவாரம் ஊரையே குத்தியவர்.

கிளெல் நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போனான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து அவனே மெஷினை எடுத்துக் குத்திக்கொண்டான். முந்நூற்று முப்பது. கிண்ணத்துத் தண்ணீர் கழுவியது விரலில் இருந்த பழச்சாற்றை மட்டும்தான். ரத்தத்தில் இருந்த சர்க்கரையோ, ஊசி நின்றதும் ஏறிவிட்டது.

“எல்லாம் உங்க விசுவாசக் குறைவு!” என்று சகோதரர் கத்தினார். “வேற கிண்ணம் வச்சுப் பார்க்கலாமே?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கேட்காமல் இருப்பாரா?

மைக் இன்னும் ஓர்லீனாவின் பக்கத்தில்தான் இருந்தது.

“கையைக் கழுவ நம்ம வீட்டுத் தண்ணியே போதும். மூளையை எதுக்குய்யா இந்த ஆள் கிண்ணத்துல கழட்டிப் போட்டோம்?”

கிளெல், மேடை ஓரத்தில் வேனுக்குக் காத்திருந்த பெட்டிக் குவியலுக்குப் போனான். தன் பேர் எழுதியிருந்த பெட்டியைத் தேடி எடுத்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதிரே இருந்த கிளினிக்கை நோக்கி நொண்டி நொண்டி நடந்தான்.