செல்போனுக்குப் பூட்டு கேட்டு மனு கொடுத்தவர்

இந்தியாவின் இணையப் பாதுகாப்பைப் பாளையங்கோட்டையிலிருந்து ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டவர் எங்கள் தெரு ‘திங்கட்கிழமை அண்ணாச்சி’.

திங்கள்தோறும் அரசாங்கம் பொதுமக்களிடம் மனு வாங்குமல்லவா? மழையோ, மச்சினன் கல்யாணமோ, வரிசையில் முதல் ஆள் அவர்தான். ‘உங்களுக்குக் கார் பரிசு’ என்று செல்போனுக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் முழுத்தாளில் நகல் எழுதி, கையெழுத்துப் போட்டு, மனுவோடு இணைப்பார்.

“தெருவிளக்கு யாருவே போடுதா? அரசாங்கம். அப்போ என் போனுக்குள்ள கள்ளன் நுழையாம யாரு பாக்கணும்? நானா?”

“நாமதான் சூதானமா இருக்கணும், அண்ணாச்சி.”

“பொறவு வரி எதுக்குவே வாங்குதான்?”

தெருவே சிரிக்கும். என் சிரிப்புத்தான் சத்தமானது. நான் படித்தவன், அரசாங்கம் எங்கோ உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பியவன்.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு ஞாயிறு காலை, வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை அதிகாரி. சென்னையில் படிக்கும் என் மகளின் எண்ணிலிருந்து நாட்டு ரகசியங்கள் வெளியே போகின்றனவாம். அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, செல்போன் முன்னால் விறைப்பாக நின்றேன்.

“உங்க ஏரியால சந்தேகமான ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க. பொண்ண விட்டுடறோம்.”

சொன்னேன். அண்ணாச்சியின் பெயர், கதவு எண், சுவரின் பச்சை நிறம் உட்பட.

சொல்லி வாய் மூடவில்லை, மனுவில் என் கையெழுத்து வாங்க அவரே உள்ளே வந்தார். திரையில் காக்கியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அரசாங்கமா? ஐயா, நாலு வருசமா மனு போடுதேன், ஒரு பதிலும் இல்லியே?”

“நாளைக்கே முடிச்சுத் தரோம் சார்.”

அண்ணாச்சி முகம் கறுத்தது. “நாளைக்கேவா? ஞாயித்துக்கிழமை வேல பாத்து, நாளைக்கே முடிச்சுக் குடுப்பியா? ஏலே, நீ அரசாங்கமே இல்ல!”

அழைப்பைப் பட்டென்று துண்டித்தார். உடனே மகளைக் கூப்பிட்டேன். விடுதியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “என்னப்பா, அழுதியளா?” என்றாள்.

மறுநாள் மனு கொடுக்கும் இடத்தில், வேப்பமரத்தடியில் எனக்காக எழுத உட்கார்ந்தார் அண்ணாச்சி.

“ஒண்ணு விடாம சொல்லும்வே. ஒரு வரி விட்டாலும் மனு செல்லாது.”

சந்தேக ஆள் கேட்டதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

“யாரு பேரச் சொன்னீரு?”

“உங்க பேர, அண்ணாச்சி.”

பேனா நின்றது. காதுவரை எரிய, நான் தரையைப் பார்த்தேன்.

“கதவு நம்பர் சரியாச் சொன்னீரா?”

“சொன்னேன்.”

“பிள்ளைக்காவன்னா நான் இந்தத் தெருவையே எழுதிக் குடுத்திருப்பேன்வே.”

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். அழைப்பு வந்த நேரம், காக்கிச் சட்டை, நான் வேட்டியை இறக்கியது எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.