செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்பவர்

இன்று நான் அறிமுகப்படுத்தப் போகிறவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வண்டி நடுரோட்டில் நின்றுபோன அன்று, நீங்கள் கூப்பிடாமலேயே வந்து, கதவைத் திறந்து, உங்களை இறங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் இறங்குவதற்குள் சீட்டில் பாதி உட்கார்ந்துவிட்டாரே, அவர்தான். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருப்பார். நான் இவருக்கு மிதித்துப் பார்ப்பவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் காசிமேட்டில் அந்தப் பதவியில் இருப்பவர் சாலமோன்.

சாலமோனிடம் கார் இருக்கிறதா? இல்லை. இருந்ததா? அதுவும் இல்லை. மீன்பிடிப் படகில் வலையை இழுக்கும் வின்ச்சை ஓட்டுகிறவர் அவர். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் காரின் பானெட் திறந்தாலும் அந்தச் சத்தம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விடும். வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டுவார். இடது கால் செருப்பைக் கழற்றுவார். வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி பேசுமாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிதி மிதிப்பார். பிறகு "ம்" என்பார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர்கூட அப்படி ஒரு 'ம்' போட்டதில்லை.

தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. பக்கத்தில் இருப்பவர் வேறு ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று கேட்டால், "அதுவும் கீது" என்பார். இன்னொருவர் இன்னொன்றைச் சொன்னால் அதுவும் கீது. ஆக, கடைசியில் எது சரியாக இருந்தாலும் அதை முதலில் சொன்னவர் சாலமோன்தான்.

இவர் தொழில் செய்யும் அழகை முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குப் போன வாரம் கிடைத்தது. காலையில் எண்ணூர் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் தெரு ஜெயவேலின் பழைய டீசல் கார் இரண்டு முறை குலுங்கி எனக்கு எதிரிலேயே நின்றது. ஜெயவேல் ஓட்ட, பக்கத்தில் அவர் மனைவி ராஜாத்தி. டிக்கியில் பெரிய தெர்மகோல் பெட்டி நிறைய, ஐஸில் புதைத்த வஞ்சிரம். திருவொற்றியூர் மண்டபத்தில் மறுவீட்டு விருந்து. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் முதன்முதலாக ராஜாத்தியை நம்பி மீன் சொல்லியிருந்தார். அவர் கேட்ட நேரத்தில் மீன் போய்ச் சேர்ந்தால் இனி எல்லாக் கல்யாணத்துக்கும் ராஜாத்திதான். சேராவிட்டால் பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக நடக்க வேண்டியதுதான்.

எங்கிருந்து வந்தாரோ, சாலமோன் வந்துவிட்டார்.

"இன்னா மாமு, கிளட்ச்சா?"

"ஆமாண்ணா. மிச்சா உள்ள போவுது, திரும்பி வர மாட்டேன்து. நாலு நாளா காலாலயே தூக்கி வுட்டு ஓட்டிகினு கீறேன். இன்னிக்கி சுத்தமா உள்ளயே குந்திகிச்சு."

"எறங்கு. ஒரு தபா மிச்சி பாக்கறேன்."

ராஜாத்தி குறுக்கே வந்தார். "ண்ணா, ஐஸு கரைஞ்சிகினு கீது. மெக்கானிக் பாயாண்ட போன்ல சொல்லிட்டேன், அவரு வருவாரு. நீ உன் வேலையப் பாரு."

"இரும்மா, பாய் வர்றதுக்குள்ள இன்னான்னு நானே சொல்லிடறேன்."

கவனித்தீர்களா? 'சொல்லிடறேன்' என்றுதான் சொன்னார். சரிசெய்கிறேன் என்று சொல்லவே இல்லை. இந்த இனத்தார் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெடலைக் கையால் இழுத்துவிட்டு மிதித்தார். கிளட்ச் பிளேட் போச்சு என்றார். இன்னொரு முறை மிதித்தார். பிளேட் இல்லை, ஸ்பிரிங் என்றார். மூன்றாவது மிதியில் அவர் முகத்தில் ஒளி வந்தது.

"ரப்பரு! மாஸ்டர் சிலிண்டர் உள்ளார ரப்பரு மக்கர் பண்ணுது. எய்தி வெச்சிக்க."

இதற்குள் பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஊர்கோலம்போல் நின்றுவிட்டன. முதல் லாரியின் டிரைவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தைகளை வாயிலேயே தயாராக வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு கைகலப்பு நிச்சயம் என்று நான் பயந்தேன். வந்தவர் குனிந்து பார்த்தார். "கிளட்ச்சா?" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. "காத்து புடிச்சிருக்கும். நகருங்க, நான் ஒரு தபா மிச்சி பாக்கறேன்."

"அதுவும் கீது," என்றார் சாலமோன்.

பிறகு மூன்று தலைகளும் பானெட்டுக்குள் போய்விட்டன. மூன்றாவது தலை யாருடையது? மீன் அழுகினால் யார் வீட்டில் அடுப்பு அணையுமோ, அந்த ஜெயவேலுடையதுதான். "யோவ், மீனு!" என்று ராஜாத்தி கத்தினார். "தோ, ஒரே நிமிசம்" என்று பானெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. டிக்கியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. ராஜாத்தி அதற்குமேல் கத்தவில்லை. வழியில் போன லோடு ஆட்டோவை நிறுத்தினார். பெட்டியை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் நான் பிடித்து ஏற்றினோம். ஆட்டோ போய்விட்டது. என் பஸ்ஸும் போய்விட்டது.

மெக்கானிக் தவ்ஃபீக் வந்தார். அவர் எதையும் மிதிக்கவில்லை. கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்தார்.

"இதுல படகு ஆயில ஊத்துனது யாரு?"

ஜெயவேல் சாலமோனைப் பார்த்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, ஆயில் குறைகிறது என்று ஊற்றி நிரப்பிய புண்ணியவான் அவர்தானாம்.

"வின்ச்சுக்கு ஊத்தற ஆயிலு பாய், ஒசத்தி சரக்கு!" என்றார் சாலமோன். "டன் கணக்குல மீனோட வலையத் தூக்குது. ஒரு பெடலத் தூக்காதா?"

"இதுக்குப் பிரேக் ஆயில்தான் ஊத்தணும். இத ஊத்தினா ரப்பர் வாஷரெல்லாம் ஊதிக்கும். ஊதிப்போயி உள்ளயே சிக்கிகினு கீது. மொத்தத்தையும் கழட்டி, கழுவி, வாஷர மாத்தணும். நல்லவேள, பிரேக்குக்கு வேற டப்பா. அதுலயும் ஊத்தியிருந்தா இன்னேரம் லாரிக்கடியில கெடந்திருப்பீங்க."

சாலமோன் தலை குனிந்தார் என்று நினைக்கிறீர்களா? நிமிர்ந்தார்.

"நான் இன்னா சொன்னேன்? ரப்பருதான்னு சொல்லல?"

"கரீட்டா சொன்னாருப்பா," என்றார் லாரி டிரைவர். ஜெயவேலும் தலையாட்டினார். வண்டியைக் கெடுத்தவருக்கு அங்கே ஒரு பாராட்டு விழாவே நடந்து முடிந்தது.

அப்போது ஜெயவேலின் போன் அடித்தது. ராஜாத்தியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மீனு சேந்துடுச்சி. அடுத்த கல்யாணத்துக்கும் சொல்லிகீறாரு."

"எந்த மீனு?" என்று திரும்பி டிக்கியைப் பார்த்தார் ஜெயவேல். அங்கே ஈரம் மட்டும் இருந்தது. "நீ எப்ப போன?"

"உன் பக்கத்துல நின்னு கத்தி கத்திப் பாத்துட்டுத்தான் போனேன். இனிமே எனக்கு லோடு ஆட்டோ போதும். நீ அங்கயே மிச்சிகினு இரு."

ஜெயவேல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலி டிக்கியை மூடினார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

சாலமோனைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பெடல் திரும்பி வரவில்லை என்று ஜெயவேல் சொன்ன இடத்திலேயே, 'ஹோஸ் அடைத்திருக்கும்' என்றோ 'எங்கேயோ லீக்' என்றோ உங்களுக்குள் ஒரு குரல் எழுந்ததே, அது யார்? எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். சாலமோனிடமும் கார் கிடையாது. அந்த நேரத்தில் ராஜாத்தியின் மீன் உங்கள் நினைவில் இருந்ததா? சரி, சாட்சிக்கு வேறு ஆள் வேண்டாம். மெல்லக் குனிந்து, உங்கள் இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.