மேனேஜர் பெயரில் போன ஏக்கம்

"போன்ல வந்தா 'சாப்டியா, தூங்குனியா'. எனக்கென்ன காய்ச்சலா? மனசுல இருக்கிறத ஒரு வரி எழுதத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவி போனை வைத்துவிட்டாள்.

சர்வர்க்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் அவர். அவள் வேலை மாற்றலாகி வெளியூர் போனதிலிருந்து வீட்டில் ஃபேன்கூட மனசில்லாமல்தான் சுற்றுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால் லீவு கிடையாது. "நீ போயிட்டா மெஷினை யாருய்யா பாத்துக்கிறது? நானா?" என்பார் மேனேஜர்.

அன்று மத்தியானம், உள்ளே கிடந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டினார். 'ஒரே ஆளைப் பார்த்துப் பார்த்துத் தலையணை ரெண்டும் சலிச்சுப்போச்சு.' 'கதவைத் திறந்தா உள்ளேருந்து "வந்தாச்சா?"ன்னு கேக்க ஆளில்ல. நானே கேட்டு நானே "ம்"ங்கிறேன்.' இப்படிப் பல.

நேரில் சொல்ல அவருக்கு வாய் வராது. ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரான லினக்ஸ் சர்வருக்கு வெட்கமே கிடையாது. இன்னாருக்காக இந்த வேலையை இந்த நேரத்தில் செய் என்றால் தினமும் செய்துவிடும். யார் பெயரில் வேலையைப் போடுகிறோமோ அவர் அனுப்பியதாகவே கடிதம் போகும்.

காலையில்தான் மேனேஜர் பெயரில் சரக்கு அறிக்கைக்கு ஒரு வேலை போட்டிருந்தார். மறுபடி முழுசாகத் தட்டச் சோம்பல். பழைய கட்டளையையே திரும்ப வரவழைத்து, தினம் ஒரு வரி மனைவிக்கு ஈமெயிலில் போகும்படி கடித வேலையைச் சேர்த்தார். பெயரை மாற்ற மறந்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். குரலில் புதுசாக ஒரு குழைவு.

"ஏங்க, உங்க மேனேஜர் எப்படிப்பட்டவர்?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "தங்கமான மனுஷன்!" என்றார் சர்வர்க்காரர், தேவைக்கு மேல் சத்தமாக.

"குடும்பம்?"

மேனேஜர் நகரும்வரை காத்திருந்து, "தனிக்கட்டை, பாவம்" என்றார்.

"பாவம்தான்," என்று அவள் பெருமூச்சு விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தனக்கு அப்படியொரு பெருமூச்சு கிடைத்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

கடிதத்தைப் பற்றி மூச்சே இல்லை. போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று, அதே கட்டளையை மறுபடி வரவழைத்து, தினம் ஒன்று என்றிருந்ததை மணிக்கு ஒன்றாக்கினார்.

மறுநாள் மறுபடி போன். "உங்க மேனேஜர் சட்டுனு மனசு இளகுற ஆளா?"

எதற்கு இவள் மேனேஜரையே விசாரிக்கிறாள்? போன கடிதங்களைத் திறந்து பார்த்தார். தலையணை, கதவு, எல்லாம் வரிசையாகப் போயிருந்தன. அனுப்புநர்: மேனேஜர்.

கடித வேலை இருந்த அந்த ஒரு வரியை மட்டும் நீக்கலாமென்று உட்கார்ந்தார். திருத்துவதற்கு ஒரு எழுத்து, மொத்தமாக அழிப்பதற்கு ஒரு எழுத்து. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்து வீடு. அவசரத்தில் விரல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. மேனேஜர் பெயரில் இருந்த அத்தனை வேலையும் துடைத்தாற்போல் அழிந்துபோயிற்று.

"என்னய்யா, சரக்கு அறிக்கை எங்க? கிடங்குல பச்சை பெயின்ட் இருக்கா இல்லையான்னு நான் மோந்து பாக்கவா?"

"நேத்து எடுத்த நகல் இருக்கு சார், இதோ!"

நகலை அப்படியே திருப்பிப் போட்டார். அறிக்கை வந்தது. அதே நகலில் பத்திரமாக இருந்த கடித வேலையும் உயிர்பெற்று, மணியானதும் மேனேஜரின் தலையணை ஏக்கம் மறுபடி கிளம்பிப் போனது.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று மனைவிக்குப் போன் போட்டார். அவள் போனை ஆஃப் பண்ணி வைத்திருந்தாள். மறுநாள் காலையிலும் அப்படியே.

மத்தியானம் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், உங்க வீட்டம்மா வந்திருக்காங்க!"

சர்வர்க்காரர் துள்ளி எழுந்து கையாலேயே தலையை வாரிக்கொண்டார். "எங்க? எங்க?"

"உங்களைக் கேக்கல சார். நேரா மேனேஜர் ரூமுக்குள்ள போயிட்டாங்க. கதவையும் சாத்திட்டாங்க."

வாரிய தலையோடு அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவள் வர வேண்டுமென்றுதானே அத்தனையும் எழுதினார். வந்துவிட்டாள், வேறு அறைக்கு.

"உள்ள... என்னய்யா பேசிக்கிறாங்க?" என்றார்.

வாட்ச்மேன் கதவில் காது வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"'என்னைப் பிரிஞ்சு எங்க வீட்டுக்காரருக்கு லெட்டர் போடறப்போ தன் பேரு எது, உங்க பேரு எதுன்னே தெரியாமப் போச்சு, இன்னிக்கே லீவு குடுங்க'ன்னு மேனேஜரைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க சார்!"