ஊசி தொடாத டார்ட்ஸ் நிபுணர்

தனக்கு ஆடத் தெரியாத ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறவர் என்று ஒரு ரக மனிதர் உண்டு, ஐயா. ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் கொஞ்சம் ஜாஸ்தி. மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சம்பந்தமூர்த்தி.

1959ஆம் வருஷம் தேரடி வீதி மனமகிழ் மன்றத்தில் டார்ட்ஸ் போட்டி நடக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டடி தள்ளி நின்று, சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் ஊசி அம்பை எறிய வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர்கள் வருகிறார்களாம். நோட்டீஸில் பசை காய்வதற்குள் மாஸ்டர் நிபுணராகிவிட்டார். காப்பி கிளப் மேஜைமேல் சாக்பீஸால் வட்டம் போட்டு, மணிக்கட்டு இப்படி, முழங்கை அப்படி, மூச்சை இங்கே பிடித்து அங்கே விட வேண்டும், சென்னைக்காரன் முன்கோபி, ஊசி இடது பக்கம் போகும், பெங்களூர்க்காரன் குளிரில் வளர்ந்தவன், நம் வெயிலில் விரல் வியர்க்கும் என்று மூன்று வாரம், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னார். அந்த ஊசியை அவர் தொட்டதுண்டா? கிடையாது. அதை யாராவது கேட்டார்களா? அதுவும் கிடையாது.

வினை, மன்றத் தலைவர் அரிசி மண்டி அப்பாண்டைராஜ் ரூபத்தில் வந்தது.

"நம்ம ஊர் சார்பா ஒருத்தர் ஆடணுமில்ல? உங்க பேரைக் குடுத்துட்டேன், சார். நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் பாக்கிற மாதிரி ஒரு ஒத்திகை."

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மாட்டேன் என்றால் மூன்று வாரப் பேச்சும் புளுகு என்றாகிவிடும்; எறிந்தாலோ, எறிந்த மறுகணமே அப்படி ஆகிவிடும். அப்புறம் ஊருக்குள் யார் மதிப்பார்கள்?

வீட்டில் சொன்னார். மனைவி அகிலாண்டேஸ்வரி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"போன பௌர்ணமிக்குச் சிதறு தேங்கா ஒடைச்சீங்களே, கல்லுல படாம பக்கத்து ஆளு கால்ல பட்டுச்சே! நீங்களா ஊசி எறியப் போறீங்க?"

மறுநாள் மன்றத்தில் அறுபது பேர். ஊசி மாஸ்டர் கைக்கு வந்தது. பலகையைப் பார்த்தார். அது மேற்குச் சுவரில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்? அண்ணாமலை. மலையே சிவன் அல்லவா! மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பிற்று.

"என்னங்க அநியாயம்! சாமியைப் பாத்து ஊசி எறியச் சொல்றீங்களா? இந்தப் போட்டியே ஊருக்கு ஆகாதுங்க!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பாடா என்று மாஸ்டர் ஊசியைக் கீழே வைக்கப் போனார். அதற்குள் நாலு பேர் பலகையைக் கழற்றிக் கிழக்குச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

"நல்ல வேளை சொன்னீங்க, சார்" என்றார் தலைவர், கண் கலங்கி. "மொத ஊசி நீங்கதான் போடணும்."

இனி எங்கே ஓடுவது? கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தார். ஊசி பலகையைத் தொடவில்லை. சுவரையும் தொடவில்லை. பக்கவாட்டில் பறந்து, நாற்காலி முதுகில் கிடந்த தலைவரின் சரிகை அங்கவஸ்திரத்தில் குத்தி நின்றது.

மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவமானத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்போது மூலையிலிருந்து போஸ்ட் ஆபீஸ் சகாதேவன் சொன்னார்:

"முழங்கையைக் கொஞ்சம் தூக்கியிருக்கணும், சார்."

"அதெல்லாம் இல்லீங்க, வலது காலு முன்னாடி வரணும்" என்றார் ஜவுளிக்கடை ஆதிமூலம்.

ஐந்தே நிமிஷத்தில் மன்றத்தில் அறுபது நிபுணர்கள். மாஸ்டர் ஊசியைப் பிடுங்கி நீட்டினார்.

"இந்தாங்க, யாராச்சும் போட்டுக் காட்டுங்க."

அறுபது பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஊர் சார்பில் ஆளே வேண்டாம், வருகிறவர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறை சொன்னால் போதும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

இதை எழுதுகிற நானும் டார்ட்ஸ் ஊசியைத் தொட்டவனில்லை. அது கிடக்கட்டும். மாஸ்டர் கண்ணை மூடினாரே, அப்போது, "அட, கண்ணைத் திறந்து எறியக் கூடாதா இந்த மனுஷன்?" என்று நினைத்தீர்களே, வாசகரே, நீங்கள் இதுவரை எத்தனை ஊசி எறிந்திருக்கிறீர்கள்?